வழி சமைத்தவர்கள்

கனடாவின் கால்கரி நகரினின்றும் வான்கூவர் நோக்கிக் காரில் செல்வோர், பான்ஃப் மலைநகரிலும் நீலப்பச்சை நீர் ததும்பும் லூயிஸ் ஏரிக்கரையிலும் தங்கி மகிழ்வர். அப்பால் வரும் ரோஜர்ஸ் கணவாயிலும் சற்று இறங்குதல் வேண்டும்.

1910 மார்ச் 4 இரவு, அங்கே இருப்புப்பாதையை மூடிய பனிச்சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது, எதிர்மலையிலிருந்து மற்றொரு சரிவு வீழ்ந்தது. 58 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் பிழைப்புத் தேடி வந்த ஜப்பானியர். 1916இல் இரயில் சுரங்கவழிக்கு மாறிற்று. கைவிடப்பட்ட கணவாயின் வழியே 1962இல் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பல்லாண்டுகளாகக் குளிர்காலத்தில் படைவீரர்கள் பீரங்கியால் சுட்டு, பனியை முன்கூட்டியே சரித்து அச்சாலையைக் காத்து வந்துள்ளனர்.

வாசக அன்பர்களே! மலையின் எழிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுகையில், வழி சமைத்து மடிந்தோரின் வரலாற்றையும் சொல்லுதல் நம் கடனன்றோ?