தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

2021 ஜூன் மாதத்தில் ஓர் இரவு. பெங்களூரில் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றுகொண்டிருந்தார் கன்னட நடிகர் சஞ்சாரி விஜய். வண்டி சறுக்கி மின்கம்பத்தில் மோதியது. தலையில் பலத்த அடி. மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டதாக டாக்டர்கள் சொன்ன பிறகு குடும்பத்தார் அவரது உறுப்புகளைத் தானம் செய்தனர். தேசிய விருது பெற்ற அந்தக் கலைஞருக்கு வயது 37. தலையில் ஹெல்மெட் இருக்கவில்லை என்றன செய்திகள்.

மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு செப்டம்பரில், ஹைதராபாத் துர்கம் செருவு கேபிள் பாலத்துக்கு அருகே தெலுங்கு நடிகர் சாய் தரம் தேஜின் பைக் சறுக்கியது. காறை எலும்பு முறிந்தது. நினைவு தப்பியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாசம். ஆனால் எழுந்து வந்தார், மீண்டும் நடித்தார். தன் உயிரைக் காத்தது ஹெல்மெட்தான் என்று பிறகு பகிரங்கமாகச் சொன்னார்.

இரண்டு விபத்துகளை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் இந்தச் செய்திகள் வெளியான மறுநாள் காலையிலும் நாடெங்கும் எத்தனையோ பேர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். மாலையில் பத்திரமாக வீடு திரும்பினார்கள். சிக்கலே அந்தப் பத்திரமான திரும்புதலில்தான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் விபத்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஓர் இளைஞன். முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுபவன், சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் பந்தயம் விடுபவன். அவனைத் திட்டுவது சுலபம். மற்றவர்களுக்கு அதில் ஒரு நிம்மதியும் உண்டு: 'ஆபத்தானவன் அவன்தான், நானல்ல.' புள்ளிவிவரங்கள் இந்த நிம்மதியை அனுமதிப்பதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 சதவிகிதம், இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. எல்லா வாகனங்களையும் சேர்த்துப் பார்த்தால், விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நடந்தது வளைவிலோ மலைப்பாதையிலோ அல்ல, நேரான சாலையில். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தெளிவான வானிலையில். நேர் ரோடு, நல்ல வெயில், ஆபத்து எதுவும் இல்லாததுபோல் தெரியும் நேரம். மரணம் அந்த நேரத்தைத்தான் அதிகம் விரும்புகிறது.

எனில் சராசரி மனிதர் ஏன் பயப்படுவதில்லை? அவர் முட்டாள் என்பதால் அல்ல. அவரது அனுபவம் அவருக்குச் சரியாகவே கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

நாட்டில் பதிவான இரு சக்கர வாகனங்கள் 21 கோடிக்கு மேல். 2022இன் சாவுக் கணக்கை இதில் வகுத்தால், ஓர் ஆண்டில் சுமார் 2,800 வண்டிகளுக்கு ஒரு சாவு. ஒருவர் ஆண்டுக்கு 300 நாள், தினமும் போக வர இரண்டு தடவை வண்டி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், சுமார் 17 லட்சம் பயணங்களில் ஒன்றுதான் உயிரைக் குடிக்கிறது. 'பக்கத்துக் கடைக்குத்தானே, எதற்கு ஹெல்மெட்?' என்பவர் சொல்வது ஒவ்வொரு நாளும் சரியாகப் போய்விடுகிறது. அவரது தப்பு நிரூபணமாவது ஒரே ஒரு நாள்தான். அன்று திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது.

அதே கணக்கை ஆயுளுக்குப் போட்டால் கதை மாறுகிறது. ஆண்டுக்கு 2,800இல் ஒன்று என்பது 40 ஆண்டு ஓட்டினால் 70இல் ஒன்றாகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் 70 பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஓர் இலை காலி. இது தோராயமான கணக்கு, அதுவும் குறைத்துச் சொல்லும் கணக்கு. பதிவேட்டில் உள்ள எத்தனையோ வண்டிகள் காயலாங்கடைக்குப் போய்விட்டன. ஓடும் வண்டிகளை மட்டும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். கை கால் இழந்தவர்கள், நினைவு திரும்பாதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

தினசரிப் பயணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, ஆயுளில் பெரிதாகிறது. மனித மனம் முதலாவதை மட்டுமே உணரும். சிக்னலை மீறியவர் வீடு போய்ச் சேர்ந்தால், 'மீறலாம்' என்று பாடம் படித்துக்கொள்கிறார். எதிர்த்திசையில் நூறு மீட்டர் ஓட்டி 'யூ டர்ன்' மிச்சம் பிடித்தவருக்கு பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம். நல்ல பழக்கத்துக்கு உடனடிப் பரிசு எதுவும் இல்லை. கெட்ட பழக்கத்துக்கு தினமும் உண்டு.

இத்துடன் ஒரு கர்வமும் சேர்கிறது. 1981இல் ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன், தங்கள் வாகனம் ஓட்டும் திறமை பற்றிக் கார் ஓட்டுபவர்களிடம் கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவிகிதம் பேர், தங்கள் குழுவின் நடுமட்டத்தைவிடத் திறமையாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். ஸ்வீடன்காரர்களில் 69 சதவிகிதம். குழுவில் பாதிப் பேர்தான் நடுமட்டத்துக்கு மேல் இருக்க முடியும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இந்தியாவில் எந்த டீக்கடையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். 'இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் கிடையாது' என்ற பதில் வரும். அதில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தத் திறமையையும் கொஞ்சம் பரிசோதிக்கலாம். லைசென்ஸ் வாங்க இந்தியர் செய்வது 'எட்டு' போடுவது. கால் தரையில் படாமல், நடை வேகத்தில். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது குறுக்கே ஒரு நாய் ஓடினால் எப்படி நிறுத்துவது என்பதை அந்த எட்டு கேட்பதில்லை. பெரும்பாலோருக்கு குரு அண்ணனோ மாமாவோ நண்பனோதான். அவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்.'

இந்தப் பாடம்தான் பலரைக் கொல்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி அங்கேதான். பாரம் குறைந்த பின் சக்கரத்தை மட்டும் மிதித்தால் அது பூட்டிக்கொண்டு சறுக்கும். அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டின் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தாங்களாகவோ, குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். அவர்கள் செய்த முக்கியத் தவறு, பின் பிரேக்கை அதிகம் மிதித்ததும் முன் பிரேக்கைக் குறைவாகப் பிடித்ததும். ஆபத்தைக் கண்டு தப்பிக்கக் கிடைத்த அவகாசம் இரண்டு விநாடிகூட இல்லை.

அந்த அறிக்கையின் இன்னொரு முடிவு பக்கத்துக் கடைக்காரர்களுக்கானது. பெரும்பாலான விபத்துகள் நெடும்பயணத்தில் நடக்கவில்லை. கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போன குறும்பயணங்களில், புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே நடந்தன. ஊரும் காலமும் வேறுதான். ஆனால் தெருமுனைக்கு ஹெல்மெட் எதற்கு என்ற கேள்வி அங்கும் இங்கும் ஒன்றே.

'நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை' என்பது அடுத்த சமாதானம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர், நான்கு மாடிக்கும் மேல். வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது அடி இரண்டேகால் மடங்கு கூடுகிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை யாரும் உட்கார வைப்பதில்லை. பெட்ரோல் டாங்க் மீது உட்கார வைக்கிறார்கள்.

ஹெல்மெட் எந்த அளவுக்கு உதவும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, அது தலைக்காயத்தை 69 சதவிகிதமும் சாவை 42 சதவிகிதமும் குறைப்பதாகச் சொன்னது. 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேருக்கு இந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 20,000 பேர் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள்.

இருந்தும் ஹெல்மெட் இந்தியாவில் போலீஸுக்குப் போடும் தொப்பியாகத்தான் இருக்கிறது. சிக்னலுக்கு ஐம்பது கெஜம் முன்னால் தலைக்கு ஏறுகிறது, தாண்டியதும் கண்ணாடியில் தொங்குகிறது. வாரைப் பூட்டுவதில்லை. விழும்போது தலைக்கு முன்பே ஹெல்மெட் போய்விடுகிறது. பிடிபடுபவர் ஓட்டுபவர் என்பதால் பின்னால் இருக்கும் மனைவிக்கு ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் இன்றி இறந்த அந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். டில்லியிலேயே 2014 வரை பின்னால் அமரும் பெண்களுக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது, பெண்களின் தலை கொஞ்சம் கெட்டி என்பதுபோல.

அரசியலும் இதற்குத் துணை. 2019 ஜனவரியில் புனே போலீஸ் ஹெல்மெட் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியதும் எதிர்ப்புக் குழுவினர் வீதியில் இறங்கினர். பாரம்பரியப் புனேரி தலைப்பாகையும் போராட்டத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் குஜராத் அரசு, நகர எல்லைக்குள் ஹெல்மெட் கட்டாயமில்லை என்று அறிவித்தது. விஷயம் ஐகோர்ட்டுக்குப் போன பிறகு பின்வாங்கியது. நகருக்குள் தார் ரோடு மிருதுவாக இருக்கும் என்று யாரும் வாதிடவில்லை. ஓட்டுப் போடுபவர்களின் தலைமுடி கலைவதுதான் கவலை.

ஓட்டுபவர்மீது மட்டும் பழிபோடுவதும் நியாயமல்ல. பஸ் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள்தான் குடும்பக் கார், பால்வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம். உணவு கொண்டுபோகும் இளைஞரின் வருமானம் எத்தனை பார்சல் சேர்த்தார் என்பதில் இருக்கிறது. அவரிடம் நிதானத்தைப் போதிப்பவர்களே பத்து நிமிடத்தில் பார்சல் வரவில்லை என்று போனில் கத்துகிறார்கள். மூடாத பள்ளத்துக்கும் விளக்கில்லாத தெருவுக்கும் பொறுப்பு நகராட்சியுடையது.

மனிதர் மறந்ததை இயந்திரம் செய்யும்படி மாற்றியதில் கொஞ்சம் பலன் உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளின் முன்விளக்கு தானாகவே எரிகிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவருடன் பிணைக்கும் வாரும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி வந்தது. அபராதமும் 2019 சட்டத் திருத்தத்தில் 1,000 ரூபாயாக உயர்ந்தது, லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் இடமுண்டு. ஆனால் ஒவ்வொரு தெருமுனையிலும் போலீஸ்காரரை நிறுத்த முடியாது.

மிஞ்சுவது பழக்கம்தான். ஒவ்வொரு தடவையும் 'இன்று தேவையா?' என்று யோசிப்பவருக்கு, தேவையில்லை என்றே பதில் வரும். 17 லட்சம் தடவையில் ஒரு தடவை தவிர அது சரியான பதிலும்கூட. ஆகவே யோசிக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். வண்டிச் சாவியை ஹெல்மெட்டுக்குள் போட்டு வைக்கும் வீடுகள் உண்டு. சாவியை எடுக்கும்போது ஹெல்மெட்டும் கையில் வந்துவிடுகிறது. காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தப் பழக அரை மணி நேரம் போதும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பழமொழி சொன்னவர்களுக்கு முதலில் ஒரு தலைப்பாகையாவது இருந்தது. சிக்னலைத் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுபவருக்கு அதுவும் இல்லை. போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்க்கலாம், எதிரே வரும் லாரியிடம் முடியாது.