நூல் எவ்வளவு தேவை என்று தெரியாமல் மென்பொருள் எதற்கு?

எமது கரையோரத்தில் உற்பத்தித் தொழில் செய்பவர்கள் மத்தியில் அண்மைக்காலமாக அடிக்கடி அடிபடும் ஒரு சொல் 'ஈ.ஆர்.பி.' என்பதாகும். மருதமுனையில் தறி வைத்திருப்பவர், சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துபவர், கல்முனையில் பேக்கரியோ தளபாடக் கடையோ வைத்திருப்பவர் என்று யாரோடு பேசினாலும், "ஒரு சிஸ்டம் போட வேண்டும்" என்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகள் மடிக்கணனியைத் திறந்து வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டும்போது யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். கணனியை வேண்டாம் என்று சொல்வது எனது நோக்கமல்ல. ஆனால், அந்த மென்பொருளுக்குள் இருக்கும் கணக்கைப் புரிந்து கொள்ளாமல், அதற்குத் தேவையான மூன்று தகவல்களையும் கையில் வைத்துக் கொள்ளாமல் இலட்சக்கணக்கில் பணத்தைக் கட்டுவது வீண் செலவு என்பது எனது உறுதியான கருத்து.

இதன் வரலாறு அப்படியொன்றும் நீளமானதல்ல. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி என்ற பொறியியலாளர் 'மூலப்பொருள் தேவைத் திட்டமிடல்' என்ற முறையை உருவாக்கினார். ஆங்கில எழுத்துக்களில் சுருக்கினால் எம்.ஆர்.பி. (பிஸ்கட் பக்கற்றில் அச்சிட்டிருக்கும் ஆகக்கூடிய சில்லறை விலைக்கும் இதே மூன்று எழுத்துத்தான், குழப்பிக் கொள்ள வேண்டாம்.) பிளாக் அன்ட் டெக்கர் கம்பனி 1964 இல் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1975 இல் ஓர்லிக்கி இதைப் புத்தகமாகவும் எழுதினார். 1972 இல் ஜேர்மனியில் ஐந்து பொறியியலாளர்கள் ஆரம்பித்த எஸ்.ஏ.பி. போன்ற கம்பனிகள் கணக்கு, சம்பளம், கொள்வனவு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தன. அதற்கு 1990 இல் வைக்கப்பட்ட பெயர்தான் ஈ.ஆர்.பி. இன்று இத்துறையில் பெயர் பெற்ற சுவீடனின் ஐ.எப்.எஸ். நிறுவனத்துக்குக் கொழும்பிலும் பெரியதொரு மென்பொருள் உருவாக்க நிலையம் இருக்கிறது. ஆகவே இது எமக்குத் தொலைவான விடயமுமல்ல.

ஓர்லிக்கி சொன்னது மிக எளிமையானது. விற்கும் பொருளுக்கு எவ்வளவு கேள்வி வரும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருளுக்குள் போகும் மூலப்பொருளை ஊகிக்கக் கூடாது, கணக்கிட வேண்டும். எமது உற்பத்தியாளர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, நூலையும் மாவையும் பலகையையும் கண்மட்டத்தில் வாங்குகிறார்கள்.

மருதமுனைச் சாரனை எடுத்துக் கொள்வோம். 100 சாரன்களுக்கு ஓடர் வருகிறது. ஒன்று 2.25 யார் நீளம், 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 48 பாவு இழை, 44 ஊடை இழை என்று வைத்துக் கொள்ளுங்கள். நூல் இரட்டை 40ஆம் நம்பர். நூல் நம்பர் என்பதே ஒரு கணக்குத்தான்: ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டு இழை முறுக்கிய 40ஆம் நம்பர் 20ஆக நிற்கும்; அதாவது இறாத்தலுக்கு 16,800 யார். பாவு இழைகள் 2,304. சுருக்கம், கழிவு சேர்த்து 250 யார் பாவு ஓட்டினால் 5,76,000 யார் நூல், சுமார் 34 இறாத்தல். ஊடைக்கு இதே வழியில் பார்த்தால் ஏறத்தாழ 30 இறாத்தல். மொத்தம் 64 இறாத்தல், கைச்சேதத்துக்கு ஒன்றிரண்டு கூட. உங்கள் அளவுகள் வேறாக இருக்கலாம். உங்கள் தறிக்குரிய இந்தக் கணக்கு எழுத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. அனுபவமுள்ள நெசவாளியின் தலையில் அது நிச்சயம் இருக்கும். அவர் சுகவீனமுற்று ஒரு வாரம் வராவிட்டால் தொழிலும் நின்றுவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். உண்மையான நட்டம் அங்குதான் ஒளிந்திருக்கிறது. ஒரு சாரனில் ஐந்து நிறம் என்றால், நான்கு நிறம் களஞ்சியத்தில் நிறையக் கிடந்தும் ஐந்தாவது நிறத்தில் இரண்டு இறாத்தல் குறைந்தால் பாவு ஓடாது. 'நூல் ஸ்டொக் இருக்கிறது' என்று முதலாளி நினைத்துக் கொண்டிருப்பார். வேண்டிய நிறம் இருக்காது. ஓடாத நிறத்திலே பணம் முடங்கிக் கிடக்க, ஓடும் நிறத்துக்குப் பின்திகதியிட்ட காசோலை எழுதிக் கொண்டிருப்போம். மூலப்பொருள் பட்டியல் என்பது நிறத்துக்கு நிறம் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தக் காரணம் இதுதான்.

இரண்டாவது, காலக்கணக்கு. எம்.ஆர்.பி. பின்னோக்கி எண்ணும். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குச் சரக்கு எப்போது கிடைக்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் முன்னால் தறியிலிருந்து இறங்க வேண்டும், பாவு எப்போது ஓட வேண்டும், சாயம் எப்போது போட வேண்டும், நூல் எப்போது வந்து சேர வேண்டும் என்று கடைசியிலிருந்து முதலுக்கு வரும். இந்த இடத்தில் வெளிநாட்டு மென்பொருட்கள் எமது காலில் வாரிவிடக்கூடிய ஒரு விடயம் உண்டு. அவற்றில் பல 'கடந்த வருடம் இதே மாதம் எவ்வளவு விற்றது' என்று பார்த்தே அடுத்த வருடக் கேள்வியை மதிப்பிடும். எமது பெருநாட்களோ ஆங்கில மாதத்தில் நிற்பதில்லை. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கின்றன. நோன்புப் பெருநாள் 2005 இல் நவம்பரில் வந்தது, 2015 இல் ஜூலையில், 2025 இல் மார்ச் கடைசியில். 2024 இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் சாரனுக்கு ஒரே பெரிய கேள்வியாக இருந்தது. அவை இப்போது ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகின்றன. ஒன்றாக இருந்த சீசன் இரண்டாகிறது. 2024 ஏப்ரல் கணக்கை வைத்துக் கணனி திட்டம் போட்டால் நூலை எல்லாம் தவறான மாதத்தில் வாங்க வைத்துவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது மழை. 2029 இல் நோன்புப் பெருநாள் பெப்ரவரி நடுப்பகுதிக்கு வந்துவிடும். அப்படியானால் பெருநாள் சரக்குக்குச் சாயமிடுவதும் நூல் காயவைப்பதும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எமது பகுதியில் வெயிலை நம்பி நூல் காயப்போட முடியுமா? வீதியும் வெள்ளத்தில் மூழ்கும் காலமது. சாயமிட்ட நூலை ஒக்டோபருக்கு முன்பே சேர்த்து வைப்பதா, கூரைக்குக் கீழ் உலர்த்தும் ஏற்பாடு செய்வதா என்று இப்போதே தீர்மானிக்க வேண்டும். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சொல்லாது. ஹிஜ்ரி நாட்காட்டியையும் மழையையும் பார்த்து அந்த எண்ணை நீங்கள்தான் இட வேண்டும்.

மூன்றாவது தகவல் கையிருப்பு. எமது பெரிய பலவீனமும் இதுவே என்று சொன்னால் யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது. முதலாளியின் மச்சான் வந்து அவசரத்துக்கு இரண்டு கட்டு நூல் எடுத்துப் போவார். பக்கத்துத் தறிக்காரருக்குக் கைமாற்றாக ஒரு கட்டு போகும். கொப்பியில் எதுவும் ஏறாது. உறவிலே இது அழகான விடயம்தான், கணக்கிலே இது ஓட்டை. பெரிய கம்பனிகளும் இதில் மாட்டிக் கொண்டன. அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்லட் கம்பனி 1999 இல் 112 மில்லியன் டொலர் செலவில் புதிய கணனி முறைமைகளைப் போட்டது. 48 மாதம் எடுக்கும் வேலையை 30 மாதத்தில் முடிக்க அவசரப்பட்டு, தனது பெரிய சீசனுக்குச் சற்று முன் அதை இயக்கியது. விளைவு, சொக்லட் களஞ்சியத்தில் கிடந்தும் சுமார் 100 மில்லியன் டொலர் பெறுமதியான ஓடர்களை அனுப்ப முடியாமல் போனது. நெரிசல் காலத்தில் சரக்கைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள் கணனியில் பதியப்படாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எமது வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கும் நூல் கட்டுகளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எம்மில் பலர் ஸகாத் கணக்குக்காக வருடத்துக்கு ஒரு முறை சரக்கை எண்ணுகிறார்கள். மனச்சாட்சியோடு எண்ணும் எண்ணிக்கை அது. அதையே நிறம், நம்பர், இறாத்தல் என்று பிரித்து எழுதினால் புதிய முறைக்கு அதுவே ஆரம்பக் கையிருப்பாகும். பிறகு வாரம் ஒரு அலுமாரியாக எண்ணிச் சரிபார்த்தால் போதும்.

அரிசி ஆலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த முறை பல பொருட்களைச் சேர்த்து ஒன்றைச் செய்யும் தொழிலுக்காகப் பிறந்தது. உங்கள் தொழில் அதற்கு நேர்மாறு; ஒன்று உள்ளே போய்ப் பலது வெளியே வருகிறது. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி, எட்டுப் பத்துக் கிலோ தவிடு, மிகுதி அரிசியும் குறுணலும். நெல்லின் ஈரப்பதன் குறையக் குறைய நிறையும் குறையும். இதை விளங்காத மென்பொருளை வாங்கினால் ஒவ்வொரு நாளும் 'நெல் காணாமல் போய்விட்டது' என்று அது சொல்லிக் கொண்டிருக்கும். மென்பொருள் விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே அவர் ஆலையைக் கண்டவரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மென்பொருளுக்கேற்ப நாம் மாறுவதா, எமக்கேற்ப அதை மாற்றுவதா என்பது பெரிய இடத்திலும் தீராத பிரச்சினை. ஜேர்மனியின் லிடில் சுப்பர்மார்க்கட் கம்பனி சரக்கைக் கொள்விலையில் மதிப்பிட்டு வந்தது. அது வாங்கிய எஸ்.ஏ.பி. முறையோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. பழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை வெட்டி ஒட்டியதில், ஏழு வருட முயற்சியும் சுமார் 500 மில்லியன் யூரோவும் போன பின், 2018 இல் திட்டத்தையே கைவிட்டார்கள். பத்துத் தறிக்காரர் தனது தறிக்கென்று தனியாக மென்பொருள் எழுதச் சொல்லிக் காசு கொடுக்கும் முன் இதைச் சற்று யோசிக்கலாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? கணனியிலுள்ள சாதாரண அட்டவணைத் தாளே ஒரு சிறு உற்பத்தியாளருக்கு முதல் வருடம் போதுமானது. ஒரு தாளில் ஓடர்கள், மறு தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் போகும் மூலப்பொருள், மூன்றாவதில் கையிருப்பு. பெருக்கிக் கழித்தால் வாங்க வேண்டியது வரும். ஓர்லிக்கியின் கணக்கும் இவ்வளவுதான். இது ஒரு பெருநாள் சீசன் முழுவதும் பிழையில்லாமல் ஓடினால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். பெங்களூரில் 1986 இல் கோயங்கா குடும்பத்தினர் தமது சொந்த வியாபாரக் கணக்குக்காக எழுதத் தொடங்கிய டெலி, மும்பையில் ரஷப் மேத்தா உருவாக்கிய, உரிமக் கட்டணமில்லாத ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் என்று நடுத்தர வழிகள் உண்டு. இலவசம் என்பதற்காக ஏமாற வேண்டாம். நிறுவவும் பழக்கவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

எழுத்துக் கணக்கு இனி விருப்பத்துக்குரியதாக இருக்கப் போவதுமில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டபோது, பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லையும் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவுக்கு இறக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பின் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதி நூலை நம்பித் தொழில் செய்தவர்களில், ஒரு சாரனுக்கு எவ்வளவு நூல் என்று தெரிந்தவரால்தான் அன்றே புதிய விலை சொல்ல முடிந்திருக்கும். மற்றவர் பழைய விலைக்கு விற்று, அந்தக் காசுக்குப் பாதி நூலைத்தான் வாங்கியிருப்பார்.

2004 டிசம்பர் 26 இல் தறியும் நூலும் போனது போலவே கணக்குக் கொப்பிகளும் கடலோடு போயின. எதைப் போட்டாலும் அதன் பிரதியொன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். இணையச் சேமிப்பு இன்று அதைச் சுலபமாக்கியிருக்கிறது.

பிரதிநிதி அடுத்த முறை வரும்போது அவரது வரைபடங்களை ஒரு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் சாரன் ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் ஐந்து நிறங்களையும் இன்றைய கையிருப்பையும் உங்கள் முன்னாலேயே பதியச் சொல்லி, 100 சாரன் ஓடருக்கு எந்த நிறத்தில் எத்தனை இறாத்தல், எந்தத் திகதிக்குள் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். நெசவாளியையும் பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள். அவர் சொல்லும் எண்ணும் கணனி சொல்லும் எண்ணும் ஒத்துவந்தால் விலையைப் பேசலாம்.