ஷாக் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்!

- மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்



"ஷாக் அப்சார்பர் என்றால் என்ன?" என்று கேட்டால் நம் வகுப்பில் எல்லோரும் பதில் சொல்வோம். படம் போட்டுப் பாகம் குறிப்போம். மதிப்பெண்ணும் வாங்குவோம். ஆனால், "இந்தப் பழைய ஜீப்புக்கு எந்த ஷாக் வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்டால்? அங்கேதான் நான் சறுக்கி விழுந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் போடிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவனே. எங்களுக்குச் சோறு போடுவது ஒரு பழைய மகிந்திரா ஜீப். அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் சி.ஜே. 3பி மாடலை வைத்து நம் நாட்டில் தயாரான வண்டி. உயர்ந்த பானெட், 80 அங்குல வீல்பேஸ், நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டை. அதன் வயது என் வயதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டப் பாதைகளில் உரமூட்டை ஏற்றிப் போகும், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்.

நான் முதலாமாண்டு படித்தபோது முன்பக்க ஷாக் இரண்டிலும் ஆயில் ஒழுகியது. அப்பா என்னைத்தான் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஹெவி டூட்டி கேஸ் ஷாக் போடலாம்பா. எவ்வளவு நீளமோ, எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு நல்லது" என்று அடித்து விட்டேன். பட்டறை அண்ணன், "அளந்து பாத்தியா தம்பி?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவன் படிக்கிற புள்ள. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஷாக் வந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுமையோடு இறங்கும்போது முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்தது. இடது ஷாக்கின் மேல் பிராக்கெட் சேஸிஸை விட்டுப் பிய்ந்து வந்தது. அப்பா வண்டியை மலைப்பக்கமாக ஒட்டி நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கம் கிடுகிடு பள்ளம். வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் பட்டறை அண்ணன் என் கையில் டேப்பைக் கொடுத்தார். ஷாக்கைக் கழற்றிவிட்டு மேல் பின்னிலிருந்து கீழ்ப் பின் வரை மூன்று அளவு எடுக்கச் சொன்னார். வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போது 15 அங்குலம். பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிக்கும் வரை மூட்டை ஏற்றி அழுத்தியபோது 12 அங்குலம். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டபோது பதினேழரை அங்குலம். இந்த மூன்றும்தான் வண்டியின் ஜாதகம்! முழுக்க அழுத்திய ஷாக் 12 அங்குலத்தை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். முழுக்க இழுத்தால் பதினேழரையை விடச் சற்றுக் கூடுதலாக நீள வேண்டும். நான் வாங்கியதோ, முழுக்க அழுத்தினாலும் பதிமூன்றரைக்குக் கீழே போகாது! ரப்பர் இடிப்பதற்கு முன்பே ஷாக்குக்குள் இரும்பு இரும்போடு இடித்தது. அந்த அடி முழுவதையும் பிராக்கெட் வாங்கியது. அது பிய்ந்ததில் என்ன ஆச்சரியம்?

"வண்டியைத் தாங்குறது பட்டை. ஷாக்கு அதுக்குக் கடிவாளம். கடிவாளத்துல மூட்டைய ஏத்தலாமா தம்பி?" என்றார் அண்ணன். நம் பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதுதான். பட்டை வாங்கிய ஆட்டத்தை ஷாக் அடக்குகிறது. சிறு துளைகளின் வழியே ஆயிலைத் தள்ளி, அந்த ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. சுமை தாங்குவது அதன் வேலையே அல்ல.

அடுத்தது கெட்டி. இதிலும் நாம் ஏமாறுகிறோம். அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். துருப்பிடித்த பழைய பட்டை என்றால் உரசல் இன்னும் அதிகம். அதன் மேல் கெட்டி ஷாக்கும் சேர்ந்தால் வண்டி குதிக்கும், முதுகு ஒடியும். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனைகூட இந்த ஜீப்பில் சரியாகச் சொல்லாது. உரசல் மறைத்துவிடும். கீழ் முனையைக் கழற்றி, கையால் இழுத்து அமுக்கிப் பார்ப்பதே மேல். நடுவில் எங்காவது வெறுமையாக ஓடினால் அந்த ஷாக் போய்விட்டது. மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அப்படியானால் கேஸ் ஷாக் வீணா என்று கேட்பீர்கள். இல்லை. கரடுமுரடான பாதையில் வேகமாக, வெகுநேரம் ஓட்டினால் சாதா ஷாக்கில் ஆயில் சூடேறி நுரைக்கும், பிடிப்பு குறையும். கேஸின் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கும். அப்படி ஓட்டுபவர்கள் தாராளமாகக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆனால் முதல் கியரில் ஊர்ந்து போகும் தோட்டத்து ஜீப்புக்கு, அளவு பொருந்திய சாதா ஆயில் ஷாக்கே போதும் என்பது என் கருத்து. மீதிக் காசில் ஷாக்கிள் புஷ்ஷை மாற்றலாம். பட்டையைக் கழுவித் துரு நீக்கலாம். எங்கள் வண்டியில் அதைத்தான் செய்தோம். பிராக்கெட்டை வெல்டிங் வைத்து, சாதா ஷாக் போட்டோம். இன்றுவரை ஓடுகிறது.

நம் ஒர்க்ஷாப்பில் குறுக்கே வெட்டிய ஷாக் ஒன்று இருக்கிறது. பார்த்துப் படம் போடுகிறோம், நல்லதுதான். அதோடு, ஓடுகிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து இந்த மூன்று அளவையும் மாணவர் கையால் எடுக்கவிட வேண்டும். நம் மாணவர் சங்கம் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளி. நாம் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. நம் வாய்ச்சொல்லை நம்பித் தோடு அடகுக்குப் போகும், அப்பா மலை இறங்குவார். தெரியாததை "தெரியாது, அளந்து பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அம்மாவின் தோட்டைப் போன தைப்பொங்கலுக்கு முன்பு மீட்டுவிட்டோம். டேப் மட்டும் எப்போதும் என் பையில் இருக்கிறது.