ஒன்பது டெஸ்ட்டோடு முடிந்துவிடவில்லை

“கிரிக்கெட் கிரிக்கெட்னு அலையிறியே, இந்தியா டீம்ல நீயா ஆடப் போறே?” ரோலாவில் நம்மூர்க் குடும்பங்கள் இருக்கிற பில்டிங்குகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பேட் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அதற்கு மேல் கிரிக்கெட் அகாடமி ஃபீஸ் என்று திர்ஹம் திர்ஹமாகக் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள் நாம். ஆனால் விளையாட்டு ஒரு பிள்ளைக்கு என்ன தரும் என்பதை, தேசிய அணியில் இடம் கிடைக்குமா என்பதை மட்டும் வைத்து அளக்கலாமா? லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைப் பாருங்கள்.

சென்னைக்காரரான அவர் 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 17. அதுவரை அவ்வளவு சின்ன வயதில் இந்தியாவுக்கு யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. அடுத்த ஆண்டே பம்பாய் டெஸ்ட்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1985 மார்ச்சில் மெல்போர்னில் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே மாதம் நம்ம ஷார்ஜா மைதானத்தில், 125 ரன்னுக்குச் சுருண்ட பிறகும் பாகிஸ்தானை 87 ரன்னில் மடக்கிய அணியிலும் இருந்தார். இங்குள்ள பழைய ஆட்கள் இன்றும் பேசுகிற மேட்ச் அது.

1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். அப்போது வயது 20. மொத்தக் கணக்கு 9 டெஸ்ட், 26 விக்கெட். “வீணாப்போன திறமை” என்று ஊர் பேசியது.

வீணாகவில்லை. பிறகு மைக்கைப் பிடித்து, இருபது ஆண்டுகள் போல வர்ணனையாளராக உலகம் சுற்றினார். லெக் ஸ்பின்னரின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, கூக்ளி எங்கே ஏமாற்றுகிறது என்று அவர் சொன்னால், அது போட்டுப் பார்த்தவரின் பேச்சு. விரலில் இருந்த அறிவுதான் பின்னாளில் நாக்குக்கு வந்தது. 2013-ல் ஐசிசி கிரிக்கெட் கமிட்டிக்கு வீரர்களின் பிரதிநிதியாகவும் தேர்வானார். ஊரில் படித்தது ஒன்று, இங்கே பார்க்கும் வேலை வேறொன்று என்று வாழும் நமக்கு இது புரியாததா?

ஆடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேச வந்துவிடாது என்பதும் உண்மை. அது தனிப் பயிற்சி. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் சர்வதேச வீரர் அல்ல. ஆனாலும் அவருடைய வானொலித் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு, தமிழில் கிரிக்கெட் பேசுவது சம்பளம் தரும் வேலையாகவும் ஆகியிருக்கிறது.

நம்ம பிள்ளைகள் இதற்கு ரொம்பத் தொலைவில் இல்லை. ஐசிசியின் தலைமையகம் 2005 முதல் துபாயில்தான் இருக்கிறது. சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் 2022 டி20 உலகக் கோப்பையில் அமீரக அணிக்காக இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். அவரும் லெக் ஸ்பின்னர்தான். அந்த உயரத்துக்குப் போகாதவர்களுக்கும் ஸ்கோரர், அம்பயர், பிசியோ, அனலிஸ்ட், கேமரா, வர்ணனை என்று விளையாட்டைச் சுற்றி எத்தனையோ வேலைகள். வீட்டில் தமிழ், ஸ்கூலில் ஆங்கிலம், கிரவுண்டில் இந்தியும் மலையாளமும் பேசுகிற பிள்ளைக்கு அந்த மொழிகளே ஒரு தகுதி.

அதற்காகப் படிப்பை விடச் சொல்லவில்லை. படிப்போடு வாரத்துக்கு இரண்டு மாலை ஆட விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். லீவு நாளில் டோர்னமென்ட் நடத்தும் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மேட்ச்சில் பரிசு கொடுக்க வி.ஐ.பி. தேடும்போது, கூடவே ஒரு மைக்கும் வாங்கி, அவுட்டாகி வந்து உட்கார்ந்திருக்கும் பையனிடமோ பவுண்டரி ஓரம் நிற்கும் பெண்பிள்ளையிடமோ கொடுங்கள். ஐந்து ஓவர், தமிழில் பேசட்டும்.