கோரல் மில்லும் ‘இனம்’ என்னும் சொல்லும்: பணியிடப் பாகுபாட்டு ஆய்வில் ஒரு முறையியல் இடர்

பணியிட இனப்பாகுபாட்டை அளவிட மேலைநாட்டு ஆய்வுகள் பெரிதும் ஒப்பீட்டையே நம்புகின்றன. ஒரே பணியைச் செய்யும் இரு இனத்தவரின் ஊதியம், பதவி உயர்வு, தண்டனை ஆகியவற்றை அருகருகே வைத்து வேறுபாட்டைக் கணக்கிடுவர். தூத்துக்குடிக்கு இம்முறை பொருந்துவதில்லை. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் ஹார்வி நிர்வாகத்தின் கோரல் மில்லை விட்டு வெளியேறிய ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளருக்கு இணையாக நூற்புத் தளத்தில் வெள்ளைத் தொழிலாளர் இலர். வெள்ளையர் இருந்த இடம் மேலாண்மை. ஒப்பிட ஆளில்லை என்பதால் பாகுபாடும் இல்லை என்றாகிவிடாது. அந்த இன்மையையே முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

சான்றுகளின் இயல்பு அடுத்த இடர். தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு, வார ஓய்வு, விடுப்பு. நிறத்தைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை. ஆகவே தொழிலாளர் வரலாற்றாசிரியர் இதனை வர்க்கப் போராட்டம் என்பர். தேசிய வரலாற்றாசிரியர் சுதேசி இயக்கத்தின் ஓர் அத்தியாயம் என்பர். இரண்டும் தவறல்ல. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையில் இனம் நழுவிவிடுகிறது. மார்ச் 12இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதான பின் அரசு ஆவணங்களுக்கு இஃது இராசத்துரோகச் செய்தி மட்டுமே. செய்யுள் வடிவிலான வ.உ.சி.யின் சுயசரிதை அவற்றிற்கு மறுகுரல்தான். எனினும் அது தலைவரின் குரல், கூலிபெற்றோரின் குரலன்று.

முத்துக்குளிப்புப் பதிவுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனே தென்னிந்தியச் சாதியினரின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் எஞ்சியது குளித்தவர்க்கும் என்ற பங்கீட்டை அறிய இன்றைய ஆய்வாளர் நாடுவது இத்தகையோரின் குறிப்புகளையே. உழைப்பின் திறனைப் பிறப்பின் குணமாக எழுதும் காலனியப் பழக்கம் அத்தரவினுள் முன்னமே கலந்துள்ளது. பாகுபாட்டை அளக்க எடுத்த கோலே பாகுபாட்டால் செய்யப்பட்டது எனலாம்.

சொல்லும் இடர் தருகிறது. இனவெழுத்து, சிற்றினம் என்னும் வழக்குகளில் ‘இனம்’ வகையையும் கூட்டத்தையும் குறித்தது. உடற்கூற்றுப் பிரிவு என்ற பொருள் பிற்காலத்தது. அச்சொல்லைக் கலைச்சொல்லாக்கும் ஆய்வேடுகள் சாதியை எங்கு வைப்பது என்று தடுமாறுகின்றன. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு பொதுப்பணியில் இனம், சாதி இரண்டையும் தனித்தனியே சுட்டுகிறது. கோரல் மில்லில் அவை தனித்து இயங்கினவா, அன்றி வெள்ளை மேலாளருக்கும் தொழிலாளருக்கும் இடைநின்ற உள்நாட்டு மேற்பார்வையாளர் வழி ஒன்றையொன்று தாங்கினவா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அதற்கு ஊதியப் பட்டியலைக் காட்டிலும், எந்தப் பதவி எவருக்குத் திறக்கப்படவே இல்லை என்ற கணக்கு பயன்படும்.