ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

கடல் கடந்து போன பிள்ளை அனுப்பும் பணத்தை எண்ணத் தெரிந்த நமக்கு, அவன் இழந்த ஓய்வு நாள்களை எண்ணத் தெரியவில்லை. "ஞாயிறும் வேலைக்குப் போகலாமே, கூடுதலாகக் கிடைக்குமே" என்று தாராவியிலிருந்து தொலைபேசியில் சொல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களோடுதான் இந்த மாதம் நாம் வாதாட விரும்புகிறோம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது அங்கே சட்டம். முதலாளி கேட்டு அன்று முழு நாளும் உழைத்தால் இரண்டு நாள் கூலி தர வேண்டும் என்பதும் சட்டம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது, புதிதாகப் போனவன் அந்த இரண்டு நாள் கூலியைத்தான் பார்ப்பான். லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போவான். அதே லாரியில் விடுதிக்குத் திரும்புவான். மாதங்கள் ஓடும், ஊரைப் பார்த்திருக்க மாட்டான்.

பார்க்கட்டும் என்கிறோம் நாம்! ஒரு ஞாயிறு தேக்காவில் இறங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரைக்கு நடக்கட்டும். அங்கே சூலியா தெரு என்றொரு தெரு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டிய தென்னிந்திய முஸ்லிம்களின் பெயர் அது. 1825 முதல் 1873 வரை வெள்ளையர் ஆட்சி நம் நாட்டுக் கைதிகளைக் கொண்டு அங்கே சாலை போட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது. ஆற்றின் முகத்தில் 1972-இல் வைத்த சிங்கத்தலை மீன் சிலை, இப்போது சற்றுத் தள்ளி, நீரைப் பீய்ச்சிக்கொண்டு நிற்கிறது. எதிரே 2010-இல் திறந்த 55 மாடிக் கோபுரங்கள் மூன்று. நடுவே கடல்போல் விரியும் நீர் இன்று கடலன்று. 2008-இல் முடிந்த தடுப்பணை அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது.

அத்தனையும் உழைப்பு! அதில் நம்மவர் வியர்வையும் உண்டு. கட்டிய கைக்குக் கரையில் நின்று காற்று வாங்க உரிமை இல்லையா?

இதை வேடிக்கை பார்க்கும் ஆசை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஊர் சுற்றுகிறவன் பேருந்து எண்ணை அறிகிறான். வேறு கம்பெனித் தோழனைச் சந்திக்கிறான்; சம்பளச் சீட்டை ஒப்பிடுகிறான். கூலி பாக்கி என்றால் மனிதவள அமைச்சில் முறையிடலாம் என்று கேட்டறிகிறான். ஊரை அறிந்தவனை ஏமாற்றுவது எளிதல்ல.

2020 ஏப்ரலில் கொரோனாவை முன்னிட்டு அங்கே தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. நகரத்தார் கடைவீதியில் உலவத் தொடங்கிய பிறகும், விடுதியில் இருந்தவன் வெளியே போக 2022 ஜூன் வரை அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. நடமாடும் உரிமையின் அருமை, அதைப் பறிகொடுத்தவனுக்கே தெரியும்.

கடன் அடைய வேண்டாமா என்பீர்கள். அடையட்டும். ஆனால் வீட்டின் கடனுக்கு ஒருவனுடைய ஞாயிறுகள் அனைத்தையும் அடகு வைப்பது நியாயமன்று. வாரமெல்லாம் தோல் பட்டறையில் உழைத்த நம் முன்னோர், ஞாயிறு மாலை சௌபாத்தி மணலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள்தானே! இந்த மும்பை நமக்கும் உரியது என்ற எண்ணம் அங்கேயும்தான் முளைத்தது.

தாய்மார்களே, தந்தையரே! அடுத்த முறை பிள்ளை பேசும்போது எவ்வளவு அனுப்புகிறாய் என்று கேட்குமுன், ஞாயிறு எங்கே போனாய் அப்பா என்று கேளுங்கள். எங்கும் போகவில்லை என்றால், போய் வா என்று சொல்லுங்கள். சட்டம் தந்த ஓய்வை வீடு பறிக்கக் கூடாது.