கடன் யாருடையது?

“தெற்காசிய ஆய்வியல் பயின்றால் கடன் அடையுமா?” சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளில் பெற்றோர் எழுப்பும் இவ்வினாவைத் தமிழ்ப்பற்று அற்றதென மேடையில் பழிப்போர் உளர். பழிப்போர் அக்கடனில் ஒரு வெள்ளியேனும் ஏற்பரோ?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இக்கல்வி 1999இல் தோன்றியது. மானியம் போக எஞ்சும் கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கடன் கிட்டும். பட்டம் பெற்றபின் வட்டி தொடங்கும். பெற்றோரின் மத்திய சேம நிதியில் எடுத்தாலோ, அது அவர்தம் முதுமைக்கான சேமிப்பு. வட்டியோடு திருப்பியாக வேண்டும். கணினியியல் கற்றவர் விரைந்து அடைப்பார். சோழர் கடல்வழியையும் கங்காணி முறையையும் ஆய்ந்தவர் மெல்லவே அடைப்பார்.

அவர் அறிவால் பயனுறுவன பாடநூலும் அருங்காட்சியகமும் தமிழ்ச் சமூகமும் அன்றோ? பயன் பொதுவாயிருக்கக் கடன் மட்டும் தனியாவது முறையன்று. கணக்குப் பார்க்கும் பெற்றோரைக் கடியாதீர். பொன்னாடைக்குச் செலவிடும் பொருளை உதவித்தொகையாக்குங்கள். பின்னர்ப் பற்றைப் பேசுங்கள்.